பாய் தெரியும், இன்ஜின் தெரியாது என்பவர்களுக்கு

பாண்டியில் பாய்மரப் படகு ஓட்டப் பழகிய நாலு நண்பர்கள், ஜனவரியில் மலேசியாவின் லங்காவித் தீவுக்குப் போய் 38 அடிப் படகு ஒன்றை கேப்டன் இல்லாமல் ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கிறோம், பாய் எங்களுக்குத் தெரியும், உள்ளே இருக்கிற டீசல் இன்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது, படகைக் கையில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், எப்படி ஓட்டுவது, கடலில் அலாரம் அடித்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாண்டி தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு இன்ஜின் வேலை பார்ப்பவன். பாய்மரப் படகுகளின் சின்ன இன்ஜின்களும் அவ்வப்போது கைக்கு வரும். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் ஒரு விஷயம். அந்தப் படகில் யன்மார் அல்லது வோல்வோ பென்டா கம்பெனி இன்ஜின் இருக்கும், மூன்று அல்லது நான்கு சிலிண்டர், 30 முதல் 40 குதிரைத்திறன். இந்த இன்ஜின்கள் தானாகக் கெடுவது அபூர்வம். கெடுவதெல்லாம் வெளியிலிருந்து வருகிற மூன்றால்தான்: கடல்தண்ணீர், டீசல், அப்புறம் ப்ரொப்பெல்லரில் சுற்றுகிற கயிறு. எனவே இன்ஜினைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொள்ள வேண்டாம். ஆனால் வாடகைப் படகில் வேறொரு சிக்கல் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு ஆள் மாறுகிறான், அந்த இன்ஜினின் வழக்கம் என்ன என்று யாருக்கும் தெரியாது. நம் ஊர் டிரைவர் தன் இன்ஜினின் சத்தம் துளி மாறினாலும் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருவான், ஏனென்றால் வருஷக்கணக்காக அதே சத்தத்தில் தூங்கியவன். உங்களுக்கு அந்த வசதி இல்லை. அதனால் முதல் நாளே, எல்லாம் நன்றாக இருக்கும்போதே, நன்றாக இருந்தால் எப்படி இருக்கும் என்று பார்த்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நான் கீழே சொல்கிற முக்கால்வாசியும் இதற்குத்தான்.

படகை ஒப்படைக்க வருகிற பையன் அவசரத்தில் இருப்பான். ஃபிரிட்ஜ், அடுப்பு, கழிவறைப் பம்பு, ரப்பர் படகு என்று எல்லாவற்றையும் காட்டிவிட்டு, இன்ஜினுக்கு வரும்போது சாவியைத் திருகி, 'பாருங்க, ஸ்டார்ட் ஆகுது' என்று முடித்துக்கொள்வான். அதோடு விடாதீர்கள். கீழே இறங்கும் படிக்கட்டைத் தூக்கினால் பின்னால் இன்ஜின் இருக்கும். நம் ஃபைபர் படகில் இன்ஜின் கண்ணெதிரே திறந்தவெளியில் கிடக்கும், ஒரு சொட்டு ஒழுகினாலும் தெரியும். இங்கே சத்தம் வராமல் இருக்க பஞ்சு ஒட்டிய பெட்டிக்குள் அடைத்து வைத்திருப்பார்கள், திறந்து பார்த்தால்தான் உண்டு. டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபோனில் படமும் எடுங்கள்.

அவனிடம் கையால் தொட்டுக் காட்டச் சொல்ல வேண்டியவை: கடல்தண்ணீர் உள்ளே வருகிற வால்வு, அதற்கு அடுத்த வடிகட்டி, இம்பெல்லர் (தண்ணீரை இழுத்துத் தள்ளுகிற ரப்பர் இதழ்ச் சக்கரம்) இருக்கிற கடல்தண்ணீர்ப் பம்பு, தண்ணீர் பிரிக்கிற டீசல் ஃபில்டர், இன்ஜின்மேல் இருக்கிற சின்ன டீசல் ஃபில்டர், அதில் ஏர் எடுக்கிற ஸ்க்ரூ, பேட்டரி சுவிட்சுகள், கடைசியாக, கையால் இன்ஜினை நிறுத்துகிற லீவர். கடைசியைப் பலர் கேட்பதில்லை. டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் கிடையாது, பல மாடல்களில் சாவியைப் பிடுங்கினாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்துகிற பட்டனின் வயர் எங்காவது உப்பு பூத்து விட்டுப்போனால், அந்த லீவரைத் தெரியாதவன் ஓடுகிற இன்ஜினைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். மாற்று இம்பெல்லர், பெல்ட், இரண்டு ஃபில்டர், ஒரு கேன் ஆயில், ஒரு கேன் கூலண்ட் (இன்ஜினுக்குள் சுற்றிக் குளிர்விக்கிற திரவம்), அவற்றுக்கான ஸ்பேனர் படகில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே கேட்டு வாங்குங்கள். இம்பெல்லர் கவரின் ஸ்க்ரூ கைக்கு எட்டுகிறதா என்பதையும் பாருங்கள், சில படகில் அது இன்ஜினின் பின்பக்கம், கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற இடத்தில் இருக்கும்.

சரி, காலைச் சோதனை. தினமும், இன்ஜின் ஆறியிருக்கும்போது, காபி போடுகிற நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஆயில் டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும். கறுப்பாக இருக்கிறதே என்று பதற வேண்டாம், டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிய சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். பார்க்க வேண்டியது வேறு. சாம்பல் நிறத்தில், பால் கலந்த காபி மாதிரி இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள், கம்பெனியைக் கூப்பிடுங்கள். நேற்றைவிட இன்று அளவு ஏறியிருந்தாலும் கெட்ட செய்திதான். ஆயில் தானாகப் பெருகாது, டீசலோ தண்ணீரோ சம்ப்புக்குள் (ஆயில் நிற்கிற அடித்தொட்டி) இறங்குகிறது என்று அர்த்தம். குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம், ஏறுவதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

கூலண்ட் டப்பாவில் கோடு பாருங்கள். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு இறங்கலாம். பெல்ட் கீழே கறுப்பு மாவு மாதிரி தூசி படிந்திருந்தால் பெல்ட் நழுவுகிறது, அல்லது புல்லி நேராக இல்லை. கடல்தண்ணீர்ப் பம்பின் அடியில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் அதன் தண்ணீர் சீல் தேய்ந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு ஓடும், ஆனால் முதல் நாளே படம் எடுத்துக் காட்டிவிடுங்கள், கடைசி நாள் உங்கள் தலையில் கட்டாமல் இருக்க. டீசல் ஃபில்டரின் அடியில் கண்ணாடிக் கிண்ணம் இருக்கும். டீசலுக்கு அடியில் தண்ணீர் தனியாகக் கோடு போட்டு நிற்பது தெரிந்தால் அடியிலிருக்கிற ஸ்க்ரூவைத் திறந்து வடித்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்த ஒரு வேலை சொல்கிறேன். முதல் நாளே இன்ஜின் அடித்தட்டைப் பனியன் வேஸ்ட் வைத்துச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, அதில் வெள்ளை டிஷ்யூ பேப்பர் நாலைந்து விரித்து வையுங்கள். மறுநாள் காலையில் அது எல்லாவற்றையும் சொல்லிவிடும். கறுப்புச் சொட்டு இன்ஜின் ஆயில், பச்சையோ நீலமோ ரோஸோ இருந்தால் கூலண்ட், சில மாடல்களில் கியர் ஆயில் சிவப்பு, பேப்பர் நனைந்து காய்ந்து மொரமொரவென்று இருந்தால் கடல்தண்ணீர், எண்ணெய் பரவிய வட்டமும் நாற்றமும் என்றால் டீசல். எங்கே சொட்டியிருக்கிறது என்பதிலிருந்து எது ஒழுகுகிறது என்றும் தெரிந்துவிடும். இன்ஜினை ஸ்டார்ட் செய்யுமுன் பேப்பரை எடுத்துவிடுங்கள், பெல்ட்டில் போய் மாட்டிக்கொள்ளும்.

வடிகட்டியைத் தினமும் திறக்க வேண்டியதில்லை, மூடி கண்ணாடியாக இருந்தால் டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும். ஆழமில்லாத இடத்தில் நங்கூரம் போட்டிருந்தாலோ, சுற்றிலும் சொறிமீன் மிதந்தாலோ திறந்து பாருங்கள். திறக்குமுன் வால்வை மூடுங்கள், பிறகு திறக்க மறக்காதீர்கள். மறக்காமல் இருக்க ஒரு வழி, வால்வை மூடும்போதெல்லாம் இன்ஜின் சாவியைக் கொண்டுபோய் அந்த வால்வின் கைப்பிடியிலேயே தொங்கவிடுவது. சாவி எடுக்கப் போனால்தான் ஸ்டார்ட் செய்ய முடியும், போனால் வால்வும் கண்ணில் படும்.

ஸ்டார்ட் செய்யுமுன் தண்ணீரில் கயிறு ஏதும் தொங்குகிறதா என்று அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை ஒரு சுற்று பாருங்கள். பாய்க்கயிறு, ரப்பர் படகின் கயிறு, இரண்டும்தான் முக்கியக் குற்றவாளிகள். கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுங்கள். சாவியைப் போட்டதும் பஸ்ஸர் அடிக்கும், ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரியும். அடிக்கவில்லையென்றால், எரியவில்லையென்றால், அது நல்ல செய்தி அல்ல. அலாரமே செத்துப்போயிருக்கிறது, நாளைக்கு இன்ஜின் கொதித்தாலும் சொல்லாது. சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்குகிற க்ளோ பிளக் இருந்தால் பத்து விநாடி பிடித்துவிட்டு செல்ஃப் அடியுங்கள், ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம்.

இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது, தரையில் டீசல் ஓட்டியவர்களுக்கும் தெரியாதது. இந்தப் படகுகளில் கடல்தண்ணீர் இன்ஜினைக் குளிர்வித்துவிட்டுப் புகையோடு சேர்ந்துதான் வெளியே போகிறது. நடுவில் ஒரு சைலன்சர் பெட்டி, அதில் தண்ணீர் சேரும், புகையின் அழுத்தம்தான் அதைத் தள்ளி வெளியேற்றும். இன்ஜின் பிடிக்காமல் நீங்கள் செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பம்பு தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும், தள்ளப் புகை இருக்காது. பெட்டி நிரம்பித் தண்ணீர் பின்வழியாக சிலிண்டருக்குள் ஏறிவிடும். அப்புறம் அந்த இன்ஜினுக்கு ஆஸ்பத்திரிதான். எனவே இரண்டு மூன்று தடவையில் பிடிக்கவில்லையென்றால் கடல்தண்ணீர் வால்வை மூடிவிட்டு முயற்சி செய்யுங்கள், பிடித்த அதே நொடியில் ஒருவர் கீழே வால்வைத் திறக்க வேண்டும். இம்பெல்லர் ரப்பர், தண்ணீர் இல்லாமல் ஒரு நிமிஷம் சுற்றினாலே இதழ் கருகிவிடும்.

பிடித்தவுடன் பேனலைப் பார்க்காதீர்கள், அமரத்துக்குப் போய் எட்டிப் பாருங்கள். புகைக்குழாயிலிருந்து புச்சு புச்சென்று தண்ணீர் துப்ப வேண்டும். முதல் நாள் அதை ஃபோனில் வீடியோ எடுங்கள், சத்தத்தோடு. எத்தனை வேகத்தில் எவ்வளவு துப்புகிறது என்பதுதான் பின்னால் உங்களுக்கு அளவுகோல். தண்ணீர் குறைந்தால் துப்புகிற சத்தம் போய் வறண்ட, காலி டப்பா சத்தம் வரும், புகை வெள்ளையாகி ஆவி மாதிரி எழும். டெம்பரேச்சர் அலாரம் அடிக்கிறதற்கு வெகு நேரம் முன்பே இது தெரிந்துவிடும். ஆர்.பி.எம். 1500, 2000, 2500 இல் வெப்பநிலை எவ்வளவு என்று பேனலில் பார்த்து ஒரு தாளில் குறித்துவிடுங்கள், மணிக்கணக்கு மீட்டரையும்.

ஓட்டுவது பெரிய வித்தை இல்லை. ஐந்து நிமிஷம் சூடேற விடுங்கள். முன், பின் கியர் மாற்றும்போது நியூட்ரலில் ஒரு மூச்சு நில்லுங்கள். அதிகபட்ச வேகத்தின் முக்கால் பங்கில் ஓட்டுங்கள், பெரும்பாலும் 2200 முதல் 2600க்குள் வரும். ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய நாலு குதிரைத்திறனை ஒரு மணி நேரம் தரும் என்று வைத்துக்கொண்டால், 15 குதிரைத்திறன் வாங்குகிற வேகத்தில் மணிக்கு நாலு லிட்டர். டேங்க் முள்ளை நம்பாமல் மணிக்கணக்கு மீட்டரை வைத்தே கணக்குப் போடுங்கள், படகு ஆடும்போது முள்ளும் ஆடும். கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள், அலையில் அடி வண்டல் கலங்கி ஃபில்டரை அடைக்கும், குழாய் காற்றையும் இழுக்கும்.

பேட்டரி சார்ஜ் ஆகட்டும் என்று நங்கூரத்தில் மணிக்கணக்காக ஐடிலில் ஓடவிடுகிற பழக்கம் வாடகைக்காரர்களிடம் உண்டு. டீசலுக்கு இது ஆகவே ஆகாது, வேலை இல்லாமல் ஓடினால் சரியாகச் சூடேறாது, டீசல் முழுசாக எரியாது, கரி படியும், சிலிண்டர் சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுவென்றாகி ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். லங்காவியில் ஜனவரியில் வாடைக்காற்று நன்றாக இருந்தாலும் தீவுகளின் மறைவில் காற்று விழுந்துவிடும், எப்படியும் இன்ஜின் போடுவீர்கள், சார்ஜை அந்த நேரத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, இன்ஜின் ஓடும்போது பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்தால் டைனமோவின் டையோடு போய்விடும். அந்த சுவிட்ச் பக்கம் யாரும் போக வேண்டாம் என்று நாலு பேருக்கும் சொல்லிவையுங்கள்.

பாயும் இன்ஜினும் சேர்த்து ஓட்டும்போது படகு ரொம்பச் சாய விடாதீர்கள். நெடுநேரம் அப்படிச் சாய்ந்தால் தண்ணீர் இழுக்கிற துளை மேலே வந்து காற்றை இழுக்கலாம், சம்ப்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். நிறுத்துமுன் ஐந்து நிமிஷம் ஐடிலில் ஆறவிட்டு, முதலில் ஸ்டாப், நின்ற பிறகு சாவி.

டீசல் போடும்போது ஒரே ஒரு எச்சரிக்கை. டெக்கில் தண்ணீர் மூடியும் டீசல் மூடியும் ஒரே மாதிரி, சில படகில் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும். டீசல் டேங்கில் தண்ணீர் பிடித்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. அப்புறம், மலேசியாவில் டீசலில் பனை எண்ணெய் பயோடீசல் கலக்கிறார்கள், 20 சதவீதம் கலந்த பி20 திட்டத்தை 2020 இல் லங்காவியில்தான் தொடங்கினார்கள். பயோடீசல் ஈரத்தை அதிகம் இழுக்கும், அந்த ஊர்ப் புழுக்கத்தில் டேங்குக்குள் தண்ணீர் சேர்ந்தால், தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் பாசி மாதிரி கறுப்பாகக் கிருமி வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். இன்ஜின் வேகம் ஏறி இறங்கி மூச்சு வாங்கினால், ஆக்சிலரேட்டர் கொடுத்தும் ஏறவில்லையென்றால், முதல் சந்தேகம் ஃபில்டர்மேல்தான்.

ஃபில்டர் மாற்றினாலோ டீசல் தீர்ந்தாலோ ஏர் பிடித்துவிடும். ஏர் எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள், கஷ்டமில்லை. டேங்க் பக்கத்து ஃபில்டரில் தொடங்கி இன்ஜின் பக்கம் வரவேண்டும். இன்ஜின்மேல் இருக்கிற ஃபில்டரின் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, அடியில் துணி வைத்து, டீசலை இன்ஜினுக்குத் தள்ளுகிற ஃபீட் பம்பின் குட்டி லீவரைக் கையால் அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு குமிழி இல்லாத டீசல். லீவரை அடித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். லீவரில் பிடிப்பே இல்லாமல் தொளதொளவென்று இருந்தால் உள்ளே அந்தப் பம்பை இயக்குகிற கேம் தூக்கி நிற்கிறது, இன்ஜினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு அடித்தால் சரியாகும். பல இன்ஜின் இதற்குப் பிறகு தானாகப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லையென்றால் நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி செல்ஃப் அடிக்க வேண்டும், அந்த வேலையைக் கம்பெனி ஆளிடம் விட்டுவிடுங்கள், அங்கே டீசல் பீறிடுகிற அழுத்தம் தோலைத் துளைக்கும்.

இப்போது அலாரம். ஆயில் அலாரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், இன்ஜினை நிறுத்துங்கள். பாறை பக்கத்தில் இருந்தால் ஆபத்தைப் பார்த்து முடிவெடுங்கள், இன்ஜினைவிட ஆள் முக்கியம். சார்ஜ் விளக்கு எரிந்தால் பேட்டரிதானே என்று அலட்சியம் செய்யாதீர்கள். பெரும்பாலான இந்த இன்ஜின்களில் டைனமோவைச் சுற்றுகிற பெல்ட்டேதான் கூலண்ட் பம்பையும் சுற்றுகிறது, பெல்ட் அறுந்தால் முதலில் விளக்கு, பின்னாலேயே கொதிப்பு.

சூடு அலாரம் அடித்தால் ஆக்சிலரேட்டரைக் குறைத்து நியூட்ரலுக்கு வந்து, அமரத்தில் தண்ணீர் துப்புகிறதா என்று பாருங்கள். துப்பவில்லையென்றால் நிறுத்திவிடுங்கள். ஒருவர் இன்ஜினைப் பார்க்கட்டும், மற்றவர்கள் உடனே பாயை ஏற்றட்டும் அல்லது நங்கூரம் போடட்டும். பாய்மரப் படகுக்கு இருக்கிற பெரிய சொத்தே அதுதான், உங்களுக்குத் தெரிந்த வேலையும் அதுதான். பிறகு வரிசையாக: வால்வு திறந்திருக்கிறதா, வடிகட்டி அடைத்திருக்கிறதா, பிளாஸ்டிக் கவர் துளையில் ஒட்டியிருக்கிறதா, கடைசியில் இம்பெல்லர். கவராக இருந்தால், இன்ஜின் நின்றதும் இழுவை போய்த் தானாக விலகுவதும் உண்டு. இம்பெல்லரில் இதழ் உடைந்திருந்தால் புதிதை மாற்றினால் மட்டும் போதாது, உடைந்த துண்டுகள் எங்கே என்று தேடுங்கள், அவை குழாய் வழியாகப் போய் கடல்தண்ணீரால் கூலண்டைக் குளிர்விக்கிற ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் உட்கார்ந்திருக்கும். புதியதைப் பாத்திரம் கழுவுகிற சோப்பு தடவி மாட்டுங்கள், கிரீஸ் வேண்டாம். தண்ணீர் நன்றாகத் துப்பியும் சூடு ஏறினால் கூலண்ட் பக்கம் கோளாறு. அந்த மூடியை மட்டும் சூட்டில் திறக்காதீர்கள், ஒரு மணி நேரம் ஆறட்டும், முகத்தில் கொதிநீர் அடித்துக் கண்ணை இழக்க வேண்டாம்.

இன்ஜின் சட்டென்று கியர் போட்டதும் நின்றால், நியூட்ரலில் நன்றாக ஓடினால், ப்ரொப்பெல்லரில் கயிறோ வலையோ சுற்றியிருக்கிறது. லங்காவிக்கும் தாய்லாந்துத் தீவுகளுக்கும் நடுவில் மீனவர் வலை நிறைய, நம் கரையைப் போலவே. இறங்கி அறுக்கப் போகிறவரிடம் இன்ஜின் சாவியைக் கொடுத்து, அதை அவர் கூடவே எடுத்துக்கொண்டு இறங்கட்டும். அலை இருந்தால் இறங்கவே வேண்டாம், படகின் அடி தலையில் இடிக்கும்.

தேங்காய்த்திட்டு முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு அலை உடைகிற நாட்களில், நுழையுமுன்பே நங்கூரத்தை அவிழ்த்துத் தயாராக வைத்துக்கொண்டுதான் எங்கள் ஆட்கள் வருவார்கள், அந்தக் குறுகலில் இன்ஜின் நின்றால் வேறு வழி கிடையாது. நீங்கள் அங்கே மெரினாவுக்குள் நுழையும்போதும் இதையே செய்யுங்கள். பாயைக் கவர் போட்டு மூடிவிட்டு, நங்கூரத்தை இறுகக் கட்டிவிட்டு நுழைவதுதான் பார்க்க அழகு, ஆனால் அதெல்லாம் படகைக் கட்டிய பிறகு செய்துகொள்ளலாம்.

திருப்பிக் கொடுக்கும்போது என்னென்ன நடந்ததோ அதையெல்லாம் சொல்லிவிடுங்கள், ஒரு தடவை அலாரம் அடித்தது, கால் லிட்டர் ஆயில் ஊற்றினோம் என்பதையும்கூட. மறைத்தால் அடுத்த வாரம் ஏறுகிறவர் மாட்டிக்கொள்வார். டெபாசிட் பணம் விஷயத்தில், பல ஒப்பந்தங்களில் தண்ணீர் இல்லாமல் ஓட்டிக் கெடுத்த இன்ஜின் கவனக்குறைவுக் கணக்கில் போகும், இன்சூரன்ஸ் கைகொடுக்காது. கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைப் படித்துவிடுங்கள், முதல் நாள் எடுத்த படங்களையும் வீடியோவையும் பணம் கைக்கு வரும்வரை அழிக்காதீர்கள். கிளம்புமுன் தேங்காய்த்திட்டுப் பக்கம் வர முடிந்தால் வாருங்கள், பழைய இம்பெல்லர் பம்பு ஒன்று கிடக்கிறது, கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம்.